ரெட்வுட் காட்டில் பெரியவர்களோடு நடக்க: சமதளப் பாதைகள் பற்றிக் கொஞ்சம் விரிவாக

சான் ஃபிரான்சிஸ்கோ வட்டாரத்தில் இருக்கும் நம் குடும்பங்களில், ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் கூட்டிப் போகும் இடங்களுக்கென்று ஒரு வரிசை உண்டு. கோல்டன் கேட் பாலம், லிவர்மோர் கோயில், மான்டரே பக்கம் கடற்கரைச் சாலை. நடுவில் எங்காவது காடு வந்தால், மூட்டு வலி உள்ளவர் காரிலேயே உட்கார்ந்திருப்பார். மற்றவர்கள் அவசரமாக ஒரு சுற்றுப் போய் நாலு படம் எடுத்துக்கொண்டு திரும்பி வருவார்கள். ரெட்வுட் என்ற வானுயர ஊசியிலை மரங்களின் காட்டைப் பொறுத்தவரை இதற்குத் தேவையே இல்லை. வாக்கர் பிடித்து நடப்பவர், சக்கர நாற்காலியில் இருப்பவர், கைக்குழந்தையை ஸ்ட்ரோலரில் தள்ளிக்கொண்டு வருபவர் என்று எல்லோரும் போகக்கூடிய பாதையின் ஓரத்தில்தான் அந்தக் காட்டின் மிகப் பெரிய மரங்கள் நிற்கின்றன.

இது தற்செயல் அல்ல. ரெட்வுட் மிக உயரமாக வளர்வது மலை உச்சியில் இல்லை, பள்ளத்தாக்கின் அடியில், ஓடைக்கரையில். வெள்ளம் வரும்போதெல்லாம் ஓடை வண்டல் மண்ணைக் கரையில் பரப்பிவிட்டுப் போகிறது. அந்த மண் வளமானது, கோடையிலும் ஈரம் காக்கும். இரண்டு பக்கமும் மலை இருப்பதால் காற்றின் வேகமும் அங்கே குறைவு. வேறு மரமாக இருந்தால் அடிமரத்தைச் சுற்றி வண்டல் ஏறும்போது வேர் மூச்சு முட்டிச் செத்துவிடும். ரெட்வுட் அப்படியில்லை, புதைந்த அடிமரத்திலிருந்தே புது வேர் விட்டுக்கொள்ளும். ஆக, தரையைச் சமமாக்கிய அதே வெள்ளம்தான் மரத்தையும் வளர்த்திருக்கிறது. மலைச்சரிவில் ஏறிப் போகிறவர்களுக்கு நல்ல காட்சி கிடைக்கும், உடற்பயிற்சி கிடைக்கும். ஆனால் பெரிய மரம் பார்க்க வேண்டுமென்றால் கீழேதான் வர வேண்டும்.

இன்னொன்றும் நமக்குச் சாதகம். முன்னூறு அடி உயரம் வளரும் இந்த மரத்துக்கு ஆணிவேர் கிடையாது. வேர் ஆறு முதல் பன்னிரண்டு அடி ஆழம்தான் போகும், ஆனால் பக்கவாட்டில் நூறு அடி வரைக்கும் படர்ந்து அடுத்த மரத்தின் வேரோடு பின்னிக்கொள்ளும். ஆயிரக்கணக்கான பேர் மேலே நடந்தால் மண் இறுகிப்போகும், வேருக்கு நீரும் காற்றும் போகாது. இதைத் தடுக்கத்தான் கூட்டம் அதிகம் வரும் தோப்புகளில் தரைக்கு மேலே மரப்பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள். வேரைக் காப்பாற்றும் அந்தப் பலகைதான் சக்கரத்துக்கும் வழி விடுகிறது. பாதையை விட்டு இறங்கி மரத்தடியில் நின்று படம் எடுக்க வேண்டாம் என்று எழுதி வைத்திருப்பதும் இதே காரணத்துக்காகத்தான். தயவுசெய்து அதை மதியுங்கள்.

பாதையைத் தேர்ந்தெடுக்கும்போது எதைப் பார்ப்பது

நடைப்பாதை ஆப்களில் "எளிது" என்று பச்சையாகக் காட்டுவதை மட்டும் நம்பி யாரையும் கூட்டிப் போகாதீர்கள். அந்தத் தரம் பெரும்பாலும் தூரத்தையும் மொத்த ஏற்றத்தையும் வைத்துச் சொல்வது. ஒரு மைல் தூரம், ஐம்பது அடி ஏற்றம் என்றால் பச்சைதான். ஆனால் அந்த ஐம்பது அடியும் ஒரே இடத்தில் பத்துப் படியாகவும் ஒரு செங்குத்துச் சரிவாகவும் வந்தால் சக்கர நாற்காலிக்கு அங்கேயே பயணம் முடிந்தது. சராசரிச் சரிவு நமக்கு வேண்டாம். அதிகபட்சச் சரிவு எவ்வளவு, அது எவ்வளவு நீளத்துக்கு வருகிறது என்பதுதான் கேள்வி.

அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் நிலங்களில் புதிதாகப் போடும் நடைப்பாதைகளுக்கு 2013இல் ஓர் அணுகல் விதி வந்தது. அதன் எண்களைத் தெரிந்து வைத்துக்கொண்டால் எந்தக் காட்டுப் பாதையையும் எடை போடலாம். இருபதடி போனால் ஓரடி ஏறும் சரிவு எவ்வளவு நீளமும் இருக்கலாம். பன்னிரண்டடிக்கு ஓரடி என்றால் தொடர்ச்சியாக 200 அடிக்கு மேல் கூடாது. பத்தடிக்கு ஓரடி என்றால் 30 அடி, எட்டடிக்கு ஓரடி என்றால் வெறும் 10 அடி. பாதை குறைந்தது 36 அங்குல அகலம் இருக்க வேண்டும். பலகைகளுக்கு நடுவில் இடைவெளி அரை அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது. இந்த அளவில் அமைந்த பாதைகளின் தொடக்கத்தில் நீளம், தரையின் தன்மை, அகலம், சரிவு எல்லாம் எழுதிய பலகை இருக்கும். அதை நின்று படியுங்கள். பழைய பாதைகளில் இந்தப் பலகை இருக்காது. அங்கே கைபேசியில் இருக்கும் மட்டம் பார்க்கும் கருவி போதும், தரையில் வைத்தால் பாகை காட்டும். மூன்று பாகை வரை யாரும் சிரமமில்லாமல் போகலாம். ஐந்து பாகையில் தள்ளுபவருக்கு மூச்சு வாங்கும். ஏழு பாகை என்றால் இரண்டு பேர் வேண்டும்.

பக்கச் சரிவைப் பலரும் கவனிப்பதில்லை. தண்ணீர் வடிவதற்காகப் பாதையை ஓடைப் பக்கமாகச் சாய்த்திருப்பார்கள். நடப்பவருக்குத் தெரியாத இந்தச் சாய்வில் சக்கர நாற்காலி எந்நேரமும் பள்ளத்துப் பக்கம் இழுத்துக்கொண்டே போகும். அரை மைல் தள்ளினால் ஒரு பக்க மணிக்கட்டு வலி கொன்றுவிடும். இடுப்பு மாற்று அறுவை சிகிச்சை செய்தவர்களுக்கும் ஒரு கால் தாழ்ந்தே நடப்பது கஷ்டம். போகும்போது ஒரு பக்கம் தாழ்ந்தால் வரும்போது மறுபக்கம் தாழும் என்பதால், வந்த வழியே திரும்புவது உடம்புக்குக் கொஞ்சம் சமன் செய்யும்.

தரையைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதிப் பிரச்சினை அங்கேதான். பலகைப் பாதை காய்ந்திருந்தால் அதைவிட நல்லது இல்லை. ஈரமானால் பாசி வழுக்கும், அதிலும் நிழலில் இருக்கும் பாலங்கள் மோசம். காலையில் வானம் தெளிவாக இருந்தாலும் பலகை ஈரமாகவே இருக்கலாம். கடலிலிருந்து வரும் பனிமூட்டம் இலைகளில் படிந்து, மழை போலச் சொட்டிக்கொண்டிருக்கும். கோடையில் அந்தக் காட்டுக்கு அதுதான் தண்ணீர். தார் போட்ட பாதையில் வேர் கீழிருந்து தூக்கிய மேடுகள் வரும், ஓர் அங்குலம் இரண்டு அங்குலம் இருக்கும். நிழலும் வெயிலும் புள்ளி புள்ளியாக விழும் இடத்தில் இந்த மேடு கண்ணுக்குத் தெரியாது, கண்புரை உள்ளவர்களுக்குச் சுத்தமாகத் தெரியாது. கல்தூளை இறுக்கிப் போட்ட பாதை வறண்ட காலத்தில் சிமென்ட் போல இருக்கும், மழைக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் மாவு போலக் குழையும். கடைசியாக, ஊசியிலைச் சருகு மெத்தை. நடக்க இதமானது, முழங்காலுக்கு ரொம்ப நல்லது, ஆனால் நாற்காலியின் சின்ன முன்சக்கரம் அதில் புதைந்து நின்றுவிடும்.

எந்த வண்டி, எந்தத் தடி

விருந்தினராக வந்தவர்களுக்கு நாம் அவசரத்துக்கு வாங்கும் நாற்காலி பெரும்பாலும் மடக்கிக் காரில் போடும் இலேசான வகை, நாலு சக்கரமும் சின்னதாக இருக்கும். விமான நிலையத்துக்கும் கடைகளுக்கும் அது சரி. காட்டுப் பாதைக்கு வேண்டியது பின்சக்கரம் 24 அங்குலம் உள்ள சாதாரண நாற்காலி. கனம் அதிகம்தான், ஆனால் பலகை இடைவெளியும் வேர் மேடும் அதற்கு ஒரு பொருட்டல்ல. ஒரு நாளைக்கு வாடகைக்குக் கிடைக்கும், வாங்க வேண்டியதில்லை.

தள்ளும் விதம் முக்கியம். மேடு வந்தால் நேராக மோத வேண்டாம். முன்சக்கரம் நின்றுவிடும், உட்கார்ந்திருப்பவர் முன்னால் சரிவார். நாற்காலியின் பின்னால், தள்ளுபவர் கால் வைக்கும் உயரத்தில் ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். அதைக் காலால் அழுத்தி, கைப்பிடியைக் கீழே இழுத்தால் முன்சக்கரம் தூக்கும். அப்படியே மேட்டைத் தாண்டி மெதுவாக இறக்குங்கள். மேடு இரண்டு அங்குலத்துக்கு மேல் என்றால் நாற்காலியைத் திருப்பி, பெரிய சக்கரம் முதலில் போகும்படி பின்னோக்கி இழுங்கள். செங்குத்தான இறக்கத்திலும் பின்னோக்கித்தான் இறங்க வேண்டும், உங்கள் உடம்பே பிரேக்காக இருக்கும். இறங்கும்போது இன்னொருவர் முன்னால் நின்று வழி சொல்லட்டும். படம் எடுக்க நின்றாலும் இரண்டு பிரேக்கையும் போடுங்கள், பலகை சமமாகத் தெரிந்தாலும் சாய்ந்திருக்கும். புடவை முந்தானை, துப்பட்டா, சால்வை நுனி எல்லாவற்றையும் மடியில் சுருட்டி வைத்த பிறகே தள்ளத் தொடங்குங்கள். பெரிய சக்கரத்தின் கம்பிகளில் துணி சிக்கினால் கழுத்தை இழுத்துவிடும்.

ஸ்ட்ரோலருக்கும் இதே கணக்குதான். குடை போல மடியும் சின்னச் சக்கர வகை வேண்டாம். காற்றடைத்த மூன்று சக்கர வகை இருந்தால் எந்தப் பாதையும் போகும்.

வாக்கரில், நாலு சக்கரமும் உட்காரப் பலகையும் கையில் பிரேக்கும் உள்ளதே காட்டுக்குச் சரி. பெஞ்ச் எங்கே வரும் என்று கவலைப்படாமல் களைத்த இடத்தில் உட்காரலாம். சக்கரம் எட்டு அங்குலமாவது இருக்கட்டும். பின்காலில் டென்னிஸ் பந்து மாட்டிய பழைய வாக்கர் ஈரப் பலகையில் சறுக்கும், கொண்டுபோக வேண்டாம்.

கைத்தடியில் ஒரு விஷயம் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். நாலு பாதம் வைத்த தடி வீட்டுக்குள் உறுதியானது, ஆனால் மேடுபள்ளத்தில் நாலும் ஒரே நேரத்தில் தரையில் படியாது, ஆடும். வெளியே ஒற்றைப் பாதத் தடியே மேல். அடியில் உள்ள ரப்பர் தேய்ந்து வழவழப்பாகியிருந்தால் கிளம்பும் முன் மாற்றுங்கள். மலையேறுபவர்களின் கூர்முனைக் கம்பு வைத்திருந்தால் முனைக்கு ரப்பர் குப்பி மாட்டுங்கள். இல்லையென்றால் பலகை இடுக்கில் சொருகி நின்றுவிடும்.

செருப்பு விஷயத்தில் பெரியவர்கள் பிடிவாதமாக இருப்பார்கள். ஷூ போட மறுத்தால் குதிகாலில் வார் உள்ள, அடியில் பிடிப்புள்ள செருப்பாவது போடச் சொல்லுங்கள். வெறும் ஹவாய் செருப்பும் ஈரப் பலகையும் ஒத்துவராது.

மூன்று தோப்புகள்

முதன்முறை போகிறவர்களுக்கு என் சிபாரிசு பெயர் பெற்ற மியூர் வுட்ஸ் தோப்பு இல்லை, ஹென்றி கவல். சான் ஹோசேயிலிருந்து தெற்கே, சான்டா குரூஸ் மலையில் ஃபெல்ட்டன் என்ற சிற்றூரை ஒட்டிய மாநிலப் பூங்கா. பழைய மரங்களுக்கு நடுவில் 0.8 மைல் வட்டப் பாதை ஒன்று, கிட்டத்தட்ட முழுக்கச் சமதளம், தரை இறுகியது, அகலம் தாராளம். பார்க்கிங், கழிப்பறை, தகவல் மையம் எல்லாம் பாதை தொடங்கும் இடத்துக்கு அருகிலேயே இருக்கின்றன. பாதையில் எண் போட்ட கம்பங்கள் இருக்கும், அதற்கான விளக்கக் குறிப்பைத் தொடக்கத்தில் எடுத்துக்கொள்ளலாம். தோப்பின் உயரமான மரம் சுமார் 277 அடி. ஓரிடத்தில் தீயில் உட்குடைந்த மரம் ஒன்று உண்டு. பிள்ளைகள் குனிந்து உள்ளே நுழைந்து நிற்பார்கள், வாசல் தாழ்வு என்பதால் முதுகு வலி உள்ளவர்கள் வெளியே நின்றால் போதும். களைத்தால் எந்த இடத்திலிருந்து திரும்பினாலும் அரை மைலுக்குள் கார் வந்துவிடும். பெரியவர்களுக்கு இதைவிட மன நிம்மதி தரும் விஷயம் வேறில்லை.

அங்கே அடிக்கடி நடக்கும் தவறு, கைபேசி வரைபடம் வேறு வாசலுக்குக் கொண்டுபோவது. கூடாரம் போடுபவர்களுக்கான வாசல் கிரகாம் ஹில் சாலையில் இருக்கிறது. அங்கிருந்து பெரிய தோப்புக்குக் காட்டு வழியே நீண்ட நடை. நமக்கு வேண்டியது 9ஆம் நெடுஞ்சாலையில் ஃபெல்ட்டன் பக்கத்துப் பகல்நேர வாசல். பக்கத்திலேயே ரோரிங் கேம்ப் என்ற இடத்திலிருந்து பழைய நீராவி ரயில் ரெட்வுட்களுக்கு நடுவே மலை ஏறிப் போய்வரும். நடக்கவே முடியாதவர்களுக்கு அது நல்ல வழி. சக்கர நாற்காலி ஏற்ற வசதி பற்றி டிக்கெட் எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

மியூர் வுட்ஸ் கோல்டன் கேட் பாலத்துக்கு வடக்கே பன்னிரண்டு மைல். வில்லியம் கென்ட் என்பவரும் அவர் மனைவியும் வாங்கிக் கொடுத்த நிலத்தை 1908இல் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தார். உயரமான மரம் 258 அடி, மரங்களின் சராசரி வயது அறுநூறிலிருந்து எண்ணூறு ஆண்டு. அழகில் குறையே சொல்ல முடியாது. ஏற்பாடுதான் அதிகம் வேண்டும். 2018 முதல் பார்க்கிங்குக்கு முன்பதிவு கட்டாயம், மாற்றுத்திறனாளி அட்டை இருக்கும் வண்டிக்கும் சேர்த்துத்தான். பேருந்தில் போவதாக இருந்தாலும் முன்பதிவு வேண்டும், அதுவும் எல்லா நாளும் ஓடுவதில்லை. அங்கே கைபேசிச் சிக்னல் கிடைக்காது. முன்பதிவை வீட்டிலேயே படமாகச் சேமித்துக்கொள்ளுங்கள். இரண்டு காரில் போனால் எத்தனை மணிக்கு எங்கே சந்திப்பது என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பார்க்கிங்கிலிருந்து வாசல் வரை நடக்கும் தூரத்தையும் அன்றைய நடையில் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

உள்ளே ஓடையை ஒட்டி முதன்மைப் பாதை போகிறது, பலகையும் தாருமாக. நாலு பாலங்களுக்கு எண் கொடுத்திருக்கிறார்கள். இரண்டாம் பாலம் வரை போய் ஓடையைக் கடந்து திரும்பினால் அரை மைல், மூன்றாம் பாலம் என்றால் ஒரு மைல். மூன்றாம் பாலத்துக்குப் பக்கத்தில்தான் கதீட்ரல் தோப்பு. 1945 மே மாதம், ஐ.நா. சபையை உருவாக்க சான் ஃபிரான்சிஸ்கோவில் கூடிய நாடுகளின் பிரதிநிதிகள் மறைந்த அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டுக்கு இந்தத் தோப்பில் அஞ்சலி செலுத்தினார்கள். அந்த மாநாட்டுக்கு வந்த இந்தியக் குழுவின் தலைவர் ஆற்காடு ராமசாமி முதலியார். தோப்பில் அமைதி காக்கச் சொல்லி அறிவிப்பு இருக்கும். காது மந்தமான தாத்தாவிடம் சத்தம் போட்டுப் பேச வேண்டியதை அங்கே நுழையும் முன்பே பேசி முடித்துவிடுங்கள்.

சக்கர நாற்காலியோடு போனால் கதீட்ரல் தோப்பு வரை போய், வந்த வழியே திரும்புவது சரியான அளவு. நாலாம் பாலம் வரை போய்த் திரும்பும் இரண்டு மைல் சுற்று என்று பலகையில் போட்டிருப்பது ஹில்சைடு பாதை வழியாக வரும் கணக்கு. அது மலைச்சரிவில் குறுகலாகப் போகும், சக்கரத்துக்கு ஆகாது. போகும்போது ஓடைக்கு எதிர்த்திசை என்பதால் மெல்லிய ஏற்றம், திரும்பும்போது மெல்லிய இறக்கம். வயதானவர்களுக்கு இதுதான் வேண்டிய வரிசை.

கழிப்பறை வாசல் பக்கத்தில் மட்டும்தான், உள்ளே கிடையாது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் உள்ளே போகும் முன் போய்விட்டு வருவது அவசியம். பாதையில் தண்ணீர் தவிர வேறு எதுவும் சாப்பிடக் கூடாது என்பது அங்குள்ள விதி. புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போய் மரத்தடியில் பிரிக்க முடியாது. அப்படி உட்கார்ந்து சாப்பிட ஆசைப்பட்டால் ஹென்றி கவலுக்கோ, அடுத்துச் சொல்லப்போகும் ஆம்ஸ்ட்ராங் தோப்புக்கோ போங்கள், இரண்டிலும் அதற்கென்று மேசைகள் உண்டு. சர்க்கரை திடீரென்று இறங்கும் வழக்கம் உள்ளவர் பையில் குளுக்கோஸ் மாத்திரை எங்கே போனாலும் இருக்கட்டும்.

ஆம்ஸ்ட்ராங் தோப்பு வடக்கே சொனோமா மாவட்டத்தில் கர்ன்வில் ஊரை ஒட்டியது, 805 ஏக்கர். தூரம் அதிகம், ஆகவே கூட்டம் குறைவு. வாசலுக்கு மிக அருகிலேயே 310 அடி உயர பார்சன் ஜோன்ஸ் மரம் நிற்கிறது. நூறு அடி நடக்கவே யோசிப்பவர்கள்கூட அதைப் பார்த்துவிடலாம். பயனியர் பாதை சமதளத்தில் உள்ளே போய், 1,400 ஆண்டுகளுக்கு மேல் வயதான கர்னல் ஆம்ஸ்ட்ராங் மரத்துக்குக் கொண்டுபோகும். பார்வை இல்லாதவர்களை மனத்தில் வைத்து டிஸ்கவரி பாதை என்று தனியாக ஒன்று, பிரெய்ல் எழுத்துப் பலகைகளோடு அமைத்திருக்கிறார்கள். மரத்தைக் கட்டிப்பிடிக்கவே ஒரு மேடை உண்டு, வேரை மிதிக்காமல் மரத்தை நெருங்கலாம். ரெட்வுட் பட்டை நார் நாராக, கையில் இதமாக இருக்கும், பெரிய மரங்களில் ஓர் அடி கனம் வரைக்கும் வரும். கண் தெரிந்தவர்களும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு முறை அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

பிக் பேசின் பற்றிப் பலர் கேட்பதால் ஒரு வார்த்தை. கலிஃபோர்னியாவின் முதல் மாநிலப் பூங்கா, 1902இல் உருவானது. 2020 ஆகஸ்டு காட்டுத்தீயில் பூங்காவின் 97 சதவீதத்துக்கு மேல் எரிந்தது. 2022இல் ஒரு பகுதி திறந்தது. கருகிய அடிமரங்களிலிருந்து பச்சைத் தளிர் அடர்ந்து முளைப்பதைப் பார்ப்பது அரிய அனுபவம். ஆனால் பழைய நிழல் இல்லை, வசதிகளும் குறைவு. தொப்பியும் தேவையான தண்ணீர் முழுவதும் கையிலிருந்தால் போங்கள். உடம்பு முடியாதவர்களோடு முதல் பயணத்துக்கு அது இடமில்லை.

கிளம்பும் முன்

இந்த இடங்களுக்குப் போகும் கடைசித் தூரம் பெரும்பாலும் வளைந்து வளைந்து போகும் சாலை. காரில் வாந்தி வரும் வழக்கமுள்ளவரை முன் இருக்கையில் உட்கார வையுங்கள். வயிறு நிறையச் சாப்பிட்டுக் கிளம்ப வேண்டாம். போய்ச் சேர்ந்ததும் கால் மணி நேரம் உட்கார்ந்து தலைசுற்றல் அடங்கிய பிறகே நடக்கத் தொடங்குங்கள்.

கலிஃபோர்னியாக் கோடை என்று நினைத்து மெல்லிய துணியோடு வந்துவிடுவார்கள். மியூர் வுட்ஸில் ஆண்டு முழுக்க வெப்பம் பெரும்பாலும் 40 முதல் 70 ஃபாரன்ஹீட்டுக்குள்தான். சென்னையிலிருந்து வந்தவருக்கு ஜூலை மாதக் காலையும் மார்கழி போலத்தான் இருக்கும். ஸ்வெட்டர், காதை மூடும் குல்லாய், சாக்ஸ் எல்லாம் வேண்டும். நடப்பவருக்குச் சூடேறும். நாற்காலியில் அசையாமல் இருப்பவருக்குத்தான் சீக்கிரம் குளிரும், அவர் மடிக்கு ஒரு போர்வை தனியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கட்டணத்தில் ஒரு குழப்பம் உண்டு. தேசியப் பூங்காக்களுக்கு 62 வயது நிறைந்தவர்களுக்கான சலுகை அட்டையும், மாற்றுத்திறனாளிகளுக்கான இலவச அட்டையும் அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தரமாக வசிக்கும் உரிமை (கிரீன் கார்டு) உள்ளவர்களுக்கும் மட்டுமே. விசிட்டர் விசாவில் வந்த பெற்றோருக்குக் கிடைக்காது. மியூர் வுட்ஸில் 15 வயது வரை பிள்ளைகளுக்குக் கட்டணமில்லை. ஹென்றி கவல் போன்ற மாநிலப் பூங்காக்களில் ஆளுக்கு இல்லாமல் வண்டிக்குத்தான் கட்டணம், ஏழு பேர் ஒரே வண்டியில் போனாலும் ஒரே தொகை.

நேரக் கணக்குக்கு, வயதானவர்களோடு ஒரு மைலுக்கு ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை உட்கார வேண்டும், களைப்பு வரும் முன்பே. "இன்னும் கொஞ்சம் போகலாம்" என்று அவர்கள் சொல்லும்போது திரும்புவதுதான் சரியான நேரம். கால் வலிக்கிறது என்று சொல்லும் வரை நம் அம்மாக்கள் காத்திருப்பார்கள், அப்போது திரும்பும் தூரம் முழுக்க வலியோடுதான் நடக்க வேண்டியிருக்கும். கூட்டமும் இரைச்சலும் ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் இருந்தால் வாரநாள் காலை பத்து மணிக்கு முன்னால் போய்விடுங்கள்.

இந்தக் காட்டில் விழுபவர்கள் பெரும்பாலும் கால் இடறி மட்டும் விழுவதில்லை. நடந்துகொண்டே அண்ணாந்து பார்ப்பார்கள். கழுத்து எலும்புத் தேய்மானம் உள்ளவர்களுக்குத் தலையைப் பின்னால் சாய்த்த மாத்திரத்தில் தலை சுற்றும், பிடிமானம் இல்லாவிட்டால் அப்படியே சாய்ந்துவிடுவார்கள். நில்லுங்கள், கம்பியையோ பக்கத்தில் இருப்பவர் தோளையோ பிடியுங்கள், பிறகு மேலே பாருங்கள். உட்கார்ந்து பார்ப்பது இன்னும் நல்லது. சக்கர நாற்காலியில் இருப்பவருக்குக் கழுத்துக்குப் பின்னால் சுருட்டிய துண்டு ஒன்று வைத்தால் வெகுநேரம் சாய்ந்து பார்க்கலாம்.

பலமான காற்று வீசும் நாளில் போக வேண்டாம். முறிந்து மேலே தொங்கும் கிளை எப்போது விழும் என்று சொல்ல முடியாது. குளிர்காலப் புயலுக்குப் பிறகு மலைச்சாலைகள் மூடியிருக்கும், அன்று காலை பூங்காவின் இணையதளத்தில் ஒரு முறை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை ஐந்து மணிக்கே இருட்டிவிடும், மரத்தடியில் அதற்கு ஒரு மணி நேரம் முன்பே பாதை மங்கும். மூன்று மணிக்கு மேல் உள்ளே போவதைத் தவிருங்கள்.

பாதை ஓரத்தில், குறிப்பாக வெயில் படும் இடங்களில், பாய்சன் ஓக் என்ற செடி வளரும். ஒரு காம்பில் மூன்று இலை, பளபளப்பு, இலையுதிர் காலத்தில் சிவப்பு. அதன் எண்ணெய் பட்டால் ஓரிரு நாளில் கொப்புளம் கிளம்பி வாரக்கணக்கில் அரிக்கும். இலை உதிர்ந்த வெறும் குச்சியிலும் அந்த எண்ணெய் இருக்கும். ஊரில் செடி கொடியைத் தொட்டுக் கிள்ளி முகர்ந்து பார்த்துப் பழகியவர்களிடம் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பட்டுவிட்டது என்று சந்தேகம் வந்தால் தேய்க்காமல் உடனே குளிர்ந்த தண்ணீரும் சோப்பும் போட்டுக் கழுவுங்கள். கைத்தடியின் பிடி, நாற்காலிச் சக்கரம், ஸ்ட்ரோலரின் கைப்பிடி ஆகியவற்றையும் வீட்டுக்குள் எடுத்துப் போகும் முன் துடையுங்கள். எண்ணெய் அவற்றில் ஒட்டியிருந்து, காட்டுப் பக்கமே வராதவர் கைக்கும் ஏறும். உடைகளைத் தனியாகத் துவைத்துவிட்டு, காதுக்குப் பின்னாலும் முழங்கால் மடிப்பிலும் உண்ணி ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று அன்று இரவே பார்த்துவிடுங்கள். இருந்தால் நுனி கூர்மையான சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுத்து எடுக்க வேண்டும். எண்ணெய் தடவுவதோ தீக்குச்சியால் சுடுவதோ வேண்டாம்.